பொருள்: அவசரம் – பழ ஈயைக் கொல்லும் குளவிக்கு ஒரு தமிழ்ச்சொல்

பண்ணைக்காடு எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டிய கையேடு ஒன்று ஒரே ஒரு சொல்லால் நிற்கிறது. பழனிமலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் பள்ளிகளின் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதியது. சோலைக்காட்டுப் பூச்சிகள் பற்றியது. கடைசி இரண்டு பக்கம் கொய்யாவும் மாவும் வைத்திருக்கும் பெற்றோருக்கு.

விஷயம் இதுதான். பழ ஈ பழத்தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கிறது. புழு சதையைத் தின்று வளர்கிறது. பழம் விழுந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகிறது. இந்த ஈயின் முட்டைக்குள்ளோ புழுவுக்குள்ளோ தன் முட்டையை வைக்கிற சிறு குளவிகள் இருக்கின்றன. குளவியின் புழு ஈயின் உடம்புக்குள்ளேயே இருந்து அதைத் தின்று கொன்றுவிடுகிறது. ஈ வர வேண்டிய கூட்டிலிருந்து குளவி வருகிறது. இப்படிப்பட்டதை ஆங்கிலத்தில் பாரசைட் என்று சொல்லாமல் பாரசிட்டாய்டு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பாரசைட்டுக்கு நம்மிடம் ஒட்டுண்ணி இருக்கிறது. மற்றதற்கு?

ஒட்டுண்ணி என்றே போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு பிள்ளை, "அப்ப குளவியும் நாடாப்புழு மாதிரியா டீச்சர்?" என்றாள். அவளுக்கு ஒட்டுண்ணி என்றால் நாடாப்புழு, பேன், மலேரியா. எல்லாமே கெட்டவை. கையேடு சொல்ல வருவதோ இந்தக் குளவி நமக்கு வேண்டியது என்று. ஞாயிறு இரவுக்குள் யோசனை சொல்லுங்கள்.

---

கோவை எழுதியது:

அம்மா, புதுச்சொல்லே தேவையில்லை. வேளாண் விரிவாக்கத்தில் இத்தனை காலமாக 'ஒட்டுண்ணி', 'இரைவிழுங்கி' என்ற இரண்டை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. பொறிவண்டு இரைவிழுங்கி. டிரைக்கோகிரம்மா என்ற சிறு குளவி முட்டை ஒட்டுண்ணி. கரும்புத் தோகையில் ஒட்டுண்ணி அட்டை கட்டச் சொன்னால் கட்டுவார்கள். ஒரு விவசாயியும் நாடாப்புழுவை நினைத்து அரண்டதில்லை.

2008-இல் எங்கள் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து தோட்டம் தோட்டமாக வெள்ளையடித்தது நினைவிருக்கும். மருந்தடித்தும் நிற்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியை வரவழைத்துப் பெருக்கி விட்டபிறகுதான் பப்பாளியும் மரவள்ளியும் மல்பெரியும் தப்பின. அப்போது ஊர் ஊராகப் போய் ஒட்டுண்ணி என்ற சொல்லைத்தான் சொன்னோம். 'ஒட்டுண்ணி எங்கே கிடைக்கும்?' என்று அவர்களே கேட்டு வந்தார்கள். விளங்கிய சொல்லைக் கலைக்காதீர்கள்.

---

உதகை எழுதியது:

கோவை ஐயா சொல்வது களத்துக்குச் சரி, பாடத்துக்குப் பற்றாது. பாரசிட்டாய்டு என்ற சொல்லே 1913-இல்தான் வந்தது. ஃபின்லாந்துப் பூச்சியியலாளர் ராய்ட்டர் உண்டாக்கியது. அவருக்கும் இதே சிக்கல்தான் இருந்திருக்கிறது. நாடாப்புழு நம்மைக் கொல்ல நினைப்பதில்லை. நாம் செத்தால் அதற்கும் சாப்பாடு போயிற்று. இந்தக் குளவியோ புழுவாக இருக்கும் காலம் முழுக்க ஒரே ஒரு பூச்சியைத் தின்று, வளர்ச்சி முடியும்போது அதைக் கட்டாயம் கொன்றுவிடும். வளர்ந்தபிறகு எதன்மேலும் ஒட்டியிருக்காது. தேன் குடித்துக்கொண்டு பறந்து திரியும். புலியைப் போலப் பல உயிரைக் கொல்வதும் இல்லை, பேனைப் போல ஒன்றின்மேல் கிடப்பதும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிழைப்பு.

இன்னொன்று. சொல்லுக்குள் 'குளவி' வரக்கூடாது. டக்கினிட் என்ற ஈக்களும் இதே வேலையைச் செய்கின்றன.

கையேட்டில் 'பழ ஈ' எதைக் குறிக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் டிரோசோபிலாவையும் சிலர் பழ ஈ என்கிறார்கள். நீங்கள் சொல்வது பேக்ட்ரோசீரா. அது அழுகலுக்காகக் காத்திருக்காது, நல்ல பழத்தையே குத்தும்.

---

தாண்டிக்குடி எழுதியது:

அன்புடையீர்,

முதலில் 'பழ ஈ' என்று பிளந்து எழுதுவதை நிறுத்த வேண்டும். பழ என்பதன் ஈற்று அகரத்தின் முன் உயிர் வந்தால் வகர உடம்படுமெய். பழவீ என்பதே முறை.

அடுத்து, ஒட்டுண்ணி என்பது ஒட்டி உண்பது. இக்குளவி உள்ளே புகுந்தல்லவா உண்கிறது? அடிப்படையே தவறு. தவறான சொல்லின்மேல் எதைக் கட்டினாலும் கோணும்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். குளவி புழுவைத் தூக்கிவந்து கூட்டில் அடைத்துக் கொட்டக் கொட்ட, புழுவே குளவியாக மாறும் என்பது எவ்வளவு பழைய வழக்கு. குரு சீடனைத் தன்னைப் போலாக்குவதற்கு இதைத்தானே உவமையாகச் சொன்னார்கள்? பழைய சமய நூல்களில் அக்குளவிக்கு 'வேட்டுவன்' என்று பெயர். இதைவிடப் பொருத்தமான சொல் வேறென்ன வேண்டும்?

குளவி என்பதன் வேரையும் சொல்லிவிடுகிறேன். குல் என்னும் வேருக்குக் குத்தற்பொருள். குல், குள், குளவி. குத்துவதால் குளவி. குழவியோடு சேர்த்து, மண்கூட்டில் குழந்தையைக் கிடத்துவதால் குளவி என்பாரும் உளர். ழகர ளகரம் மயங்கியது என்பர். நான் அதை ஏற்பதில்லை. ஆனால் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 'கரந்தை குளவி கடிகமழ் கலிமா' என்று பூக்களோடு பூவாகக் குளவியை வைக்கிறார். உரைகாரர் அதைக் காட்டுமல்லிகை என்பர். கொட்டும் பூச்சிக்கும் மணக்கும் பூவுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? இதழின் கூர்மையாலா? இதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.

---

சென்னை எழுதியது:

தனி மடல் வேண்டாம் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன் :)

பழவீ என்று போட்டால் பழைய பூ என்றுதான் படிப்பார்கள். வீ என்றால் மலர்தானே? உங்கள் கணக்குப்படியே குறிஞ்சி நிலத்தில் ஈயும் பூவாகிவிடும்.

என் முன்மொழிவு: ஒட்டுண்ணிப்போலி. 'ஆய்டு' என்ற ஈறு ஒன்றைப் போன்றது என்ற பொருள் தருவது. நமக்குப் போலி இலக்கணத்திலேயே இருக்கிறது. இடைப்போலி, கடைப்போலி மாதிரி இதுவும் ஒரு போலி. மென்பொருள் மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு ஈற்றுக்கு ஒரு ஈறு என்று நிலைநிறுத்திக்கொண்டால் பின்னால் வருகிறவர்களுக்கு வேலை குறையும்.

---

ஆயக்குடி எழுதியது:

நான் கொய்யாக்காரன். குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. போலி என்று போட்டால் எங்கள் ஊரில் எவனும் அந்தப் பக்கத்தைத் திருப்ப மாட்டான். போலி விதை, போலி மருந்து என்று பட்டதே போதும். போலி ஒட்டுண்ணி என்றால் கடைக்காரன் ஏமாற்றி விற்றது என்று நினைப்போம்.

குளவி என்றாலும் ஒரு பயம் இருக்கிறது. காய் பறிக்கும் பெண்களைக் குளவி கொட்டினால் அன்றைக்கு வேலை போயிற்று. இது கொட்டுமா, கொட்டாதா? அதை முதலில் எழுதுங்கள்.

---

உதகை எழுதியது:

கொட்டாது அண்ணா. எறும்பளவுதான் இருக்கும். வாலில் நீட்டிக்கொண்டு இருப்பது முட்டை வைக்கும் ஊசி. உண்மையில் கொட்டுகிற குளவியின் கொடுக்கே இந்த ஊசியிலிருந்து மாறி வந்ததுதான். பழ ஈப் புழுவைத் தேடும் டயாகஸ்மிமார்ஃபா லாங்கிகாடேட்டா என்ற இனத்தில் ஊசி உடம்பைவிட நீளம். பழத்தின்மேல் நின்று, உள்ளே புழு நெளியும் அதிர்வை வைத்து இடம் கண்டுபிடித்து, தோலைத் துளைத்து முட்டையை இறக்கும். பெண் குளவிக்கு மட்டும்தான் ஊசி. முட்டையோடு சேர்த்து ஒரு வைரஸையும் ஏற்றிவிடும்.

ஃபோபியஸ் அரிசானஸ் என்று இன்னொன்று. அது புழு வரும்வரைகூடப் பொறுக்காது. ஈ முட்டை வைத்துவிட்டுப் போன துளையைத் தேடிப்போய் அந்த முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கும். ஈயின் முட்டை பொரியும், புழு தின்னும், வளரும், மண்ணுக்குள் போகும். எல்லாம் வழக்கம்போல நடக்கும். கூட்டிலிருந்து வருவது மட்டும் ஈயாக இருக்காது.

தாண்டிக்குடி ஐயா சொன்ன வேட்டுவன் அழகான பெயர். ஆனால் அந்த மண்கூட்டுக் குளவி புழுவைக் கொட்டி மயக்கித் தூக்கிவந்து சேமித்து வைக்கிறது. ஒரு குஞ்சுக்குப் பல புழு. அது வேட்டைக் கணக்கில்தான் வரும். நாம் தேடுவது புழுவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு உள்ளே ஏறிக்கொள்வதை.

---

தாண்டிக்குடி எழுதியது:

> கெஞ்சிக் கேட்கிறேன்

வேரைத் தேடுவதை இளையோர் நகைப்பது புதிதன்று. அஸ்டிராய்டை விண்மீன்போலி என்றா வழங்குகிறோம்? சிறுகோள் என்கிறோம். ஈற்றுக்கு ஈறு வைத்துக் கட்டியவை நிற்பதில்லை. பொருளைப் பார்த்து வைத்தவை நிற்கின்றன. இதை மென்பொருளார் சிந்திக்க வேண்டும்.

வேட்டுவன் பொருந்தாதென்றால் விட்டுவிடுகிறேன். பழவீயை விடமாட்டேன்.

---

யாழ்ப்பாணம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்துப் பாடநூல்களில் லார்வாவுக்குக் 'குடம்பி' என்று சொல். தமிழ்நாட்டில் அது ஏன் பரவவில்லை என்று எனக்கு நெடுநாள் வருத்தம். புழு என்றால் மண்புழுவும் புழு, நாடாப்புழுவும் புழு, வண்ணத்துப்பூச்சியின் பிள்ளையும் புழு. குடம்பி என்றால் ஒரே பொருள்.

'குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு.' குடம்பை கூடா முட்டையா என்று உரைகாரர் அடிபடட்டும். இந்தக் குளவிக்கு அந்தக் குறளைவிடப் பொருத்தமான படம் கிடைக்குமா? கூடு கிடக்கிறது, ஒன்று பறந்து போகிறது. ஆகவே குடம்பைக்கொல்லி அல்லது குடம்பியுண்ணி என்று பார்க்கலாம்.

கையேட்டில் ஹோஸ்ட்டுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள், பண்ணைக்காடு அக்கா? எங்களுக்கு விருந்து வழங்கி.

---

பண்ணைக்காடு எழுதியது:

எங்கள் பாடநூல் விருந்தோம்பி என்கிறது. அதைத்தான் போட்டிருக்கிறேன், தம்பி. பிள்ளைகள் தேர்வில் எழுத வேண்டிய சொல் அது.

குடம்பி நல்ல சொல். ஆனால் இதற்காக இன்னொரு புதுச்சொல்லையும் சேர்த்து விளக்க எனக்குப் பக்கம் கிடையாது. முட்டைக்குள் வைப்பதும் கூட்டுப்புழுவைத் தேடிப்போவதும் இருக்கும்போது குடம்பியை மட்டும் பெயரில் வைப்பதும் சரியாக வராது.

---

சென்னை எழுதியது:

விருந்தோம்பி! உள்ளே புகுந்தவன் குடலைத் தின்றுகொண்டிருக்கிறான், இவர் விருந்தோம்புகிறார். 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்' என்று வள்ளுவர் சொன்னது ஈயைப் பற்றி என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

---

யாழ்ப்பாணம் எழுதியது:

'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே' என்ற புறநானூற்று வரியையும் விட்டுவிடாதீர்கள் அண்ணை. ஈ இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறது.

---

கோவை எழுதியது:

சனிக்கிழமை மாலை ஆகிவிட்டது. இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. புறநானூறு வந்துவிட்டது.

---

சென்னை எழுதியது:

சரி, போலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கொலையுண்ணி எப்படி? கொலை செய்து உண்பது. சொல்லும் சின்னது, திகிலாகவும் இருக்கிறது. பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

---

தாண்டிக்குடி எழுதியது:

கொலையுண்டான் என்றால் என்ன பொருள்? கொல்லப்பட்டான். கட்டுண்டான், கட்டப்பட்டான். உண் என்பது இங்கே செயப்பாட்டுத் துணைவினை. ஆகவே கொலையுண்ணி என்பது கொல்லப்படுவது. அதாவது ஈ. குளவிக்கு வைக்கப்போய் ஈக்குப் பெயர் வைத்துவிட்டீர்கள். வாழ்த்துகள்.

---

சென்னை எழுதியது:

இதற்குப் பதில் இல்லை. ஐயாவுக்கு ஒரு மதிப்பெண்.

---

யாழ்ப்பாணம் எழுதியது:

உயிருண்ணி?

'கண்டார் உயிருண்ணும் தோற்றத்தால்' என்று காமத்துப்பாலில் வருகிறது. அங்கேயும் உயிருண்பவள் பெண்தான். இங்கேயும் ஊசி பெண் குளவியிடம்தான். செயப்பாட்டுச் சிக்கல் இல்லை. ஒட்டுதல் என்ற பிழையும் இல்லை. உயிர் என்றால் உயிரி என்றும் கொள்ளலாம், உயிர் போக உண்பது என்றும் கொள்ளலாம்.

---

உதகை எழுதியது:

காதுக்கு இதுதான் எல்லாவற்றிலும் இனிமை. ஆனால் புலியும் உயிருண்ணி, ஆந்தையும் உயிருண்ணி என்று ஒரு மாணவன் கேட்டால்? ஊனுண்ணி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

எனக்குத் தோன்றுவது: கொல்லொட்டுண்ணி. ஒட்டுண்ணி என்று ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து ஓர் அடி எடுத்து வைக்கிறோம். கோவை ஐயாவின் விவசாயிக்கும் பாதி புரிந்துவிடும். பாடத்துக்கும் கொல்வது, கொல்லாதது என்ற பிரிவு கிடைக்கிறது. இதைத் தாக்கும் இன்னொரு குளவி இருக்கிறது, அதற்கு மேற்கொல்லொட்டுண்ணி...

---

சென்னை எழுதியது:

மூச்சு வாங்குகிறது.

---

தாண்டிக்குடி எழுதியது:

கொல்லொட்டுண்ணி வினைத்தொகை, கொல்யானை போல. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்பதால் லகரம் இரட்டிப்பதும் சரி. கட்டுமானத்தில் குறையில்லை. அடித்தளமாகிய 'ஒட்டு' பிழை என்பதில் மாற்றமில்லை.

---

ஆயக்குடி எழுதியது:

சொல்லை நீங்கள் பாருங்கள். எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். ஈ குத்தி விழுந்த காயைப் பொறுக்கிக் குழிதோண்டிப் புதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். புதைக்கிறோம். மெத்தில் யூஜினால் பொறி தொங்கவிட்டிருக்கிறோம். பாகல் போட்டவர்கள் கருவாட்டுப் பொறி வைக்கிறார்கள். இதில் உங்கள் குளவி எங்கே வருகிறது? புதைக்கிற காயில் குளவியும் இருக்குமே, அதையும் சேர்த்தா புதைக்கிறேன்?

---

உதகை எழுதியது:

அண்ணா, இந்தக் கேள்வி கையேட்டிலேயே இருக்க வேண்டும். ஆமாம், சேர்த்துத்தான் புதைக்கிறீர்கள். மெத்தில் யூஜினால் ஆண் ஈயை மட்டும் இழுக்கும், குளவியை ஒன்றும் செய்யாது. அதனால் பொறி இருக்கட்டும். விழுந்த காயை அப்படியே விடவும் கூடாது, ஈதான் பெருகும். ஹவாயில் ஒரு வழி செய்தார்கள். விழுந்த பழத்தையெல்லாம் ஒரு சிறு கூடாரத்துக்குள் போட்டு மூடிவிடுவார்கள். கூடாரத்தின் ஒரு பக்கம் மட்டும் வலை. வலையின் கண், குளவி நுழைந்து வெளியேறும் அளவு இருக்கும். ஈ அதைவிடப் பெரியது, மாட்டிக்கொள்ளும். ஈ உள்ளேயே சாகும், குளவி தோட்டத்துக்குத் திரும்பிவிடும்.

ஹவாய்க்காரர்களுக்கு இதில் அனுபவம் அதிகம். பாகலைத் துளைக்கிற ஈக்காக 1916-லேயே இந்தியாவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுபோனார்கள். கொய்யாவையும் மாவையும் குத்தும் டார்சாலிஸ் ஈ 1945 வாக்கில் அங்கே புகுந்தபோது ஆசியாவிலிருந்து பல குளவிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். மேலே சொன்ன முட்டைக் குளவி ஃபோபியஸ்தான் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளி நிலைத்தது.

காட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியில் பார்த்தது: காட்டு மரங்களின் சிறு பழங்களில் உள்ள ஈப்புழுக்களைக் குளவிகள் அதிகமாகப் பிடிக்கின்றன. சதை மெல்லியது, ஊசி எட்டிவிடுகிறது. மாம்பழம் போன்ற பெரிய பழத்தில் புழு ஆழத்துக்குப் போய்விட்டால் ஊசி எட்டாது. நாம் பழத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க ஈக்கு ஒளிய இடம் செய்து கொடுத்திருக்கிறோம். அதனால் தோட்டத்தின் ஓரத்தில் காட்டுப்பழ மரங்கள் நின்றால் அங்கே பெருகும் குளவி தோட்டத்துக்கும் வரும். அங்கேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒன்று மரத்தில் தொங்கும் பழத்தைக் குத்தும். அகனாஸ்பிஸ் என்று ஒன்று விழுந்த பழத்தின் ஓட்டை வழியே உள்ளேயே நடந்துபோய்ப் புழுவைத் தேடும். கொப்டெரா என்று ஒன்று மண்ணுக்குள் கூட்டுப்புழுவைத் தேடிப்போகும்.

அது மெக்சிகோக் கணக்கு, ஈயும் வேறு இனம். ஆனால் உங்கள் கொய்யாத் தோப்புக்கு மேலே மலைச்சரிவில் காடு இருக்கிறது. ஓரத்து மரங்களை வெட்டாமல் இருப்பதும், அந்தப் பக்கம் மருந்தடிக்காமல் இருப்பதும் செலவில்லாத காரியம்.

---

ஆயக்குடி எழுதியது:

கூடாரம் தைக்க வலை எந்தக் கண் அளவு என்று தனியாகச் சொல்லுங்கள். ஒன்று செய்து பார்க்கிறேன். எங்கள் பக்கத்துக்கு 'நல்ல குளவி' என்று எழுதினாலே போதும், எல்லோருக்கும் புரியும்.

---

கோவை எழுதியது:

இதைத்தான் முதல் மடலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். நன்மை செய்யும் பூச்சி என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதற்குள் ஒட்டுண்ணி, இரைவிழுங்கி. முடிந்தது.

---

உதகை எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. குத்தியவுடனே விருந்தோம்பியை வளரவிடாமல் நிறுத்திவிடுபவை ஒரு வகை, வளரவிட்டுக் கடைசியில் கொல்பவை இன்னொரு வகை. 1986-இல் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வந்துவிட்டது. ஃபோபியஸ் இரண்டாவது வகை. இதோடு சேர்த்து அவற்றுக்கும்...

---

பண்ணைக்காடு எழுதியது:

வேண்டாம் தாயே.

எல்லா மடலையும் படித்தேன். கொல்லொட்டுண்ணிக்கு உதகை, சென்னை, அரைமனதாகத் தாண்டிக்குடி ஐயா. உயிருண்ணிக்கு யாழ்ப்பாணம், முழு மனதாக. கோவை ஐயா இருக்கிற ஒட்டுண்ணியே போதும் என்கிறார். ஆயக்குடி அண்ணனுக்கு எதுவானாலும் சரி, கொட்டாது என்று எழுதினால்.

பிள்ளைகளுக்கான பக்கங்களில் முதல் தடவை 'கொல்லும் ஒட்டுண்ணி' என்று விரித்து எழுதி, ஒட்டுண்ணியிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று நாலு வரி. அதற்குப் பிறகு கொல்லொட்டுண்ணி. பின்னிணைப்புச் சொற்பட்டியலிலும் அதுதான். விவசாயிகள் பக்கத்தில் நல்ல குளவி, அடைப்புக்குறிக்குள் ஒட்டுண்ணி. விழுந்த காய், கூடாரம், ஓரத்து மரம் மூன்றையும் உதகை எழுதியபடியே சேர்க்கிறேன். பழ ஈ, பழ ஈயாகவே இருக்கும். ஐயா மன்னிக்க வேண்டும்.

எனக்கும் உயிருண்ணிதான் பிடித்திருந்தது. ஆனால் புலியைப் பற்றிக் கேட்கப்போகும் பிள்ளை யார் என்றுகூட எனக்குத் தெரியும். திருத்திய பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

---

யாழ்ப்பாணம் எழுதியது:

தோல்வியை ஏற்கிறேன், சொல்லை விடவில்லை. என் வகுப்பில் உயிருண்ணி என்றே சொல்லிக்கொடுக்கப்போகிறேன். புலியைக் கேட்கிற பிள்ளைக்கு, புலி முதலில் கொன்று பிறகு உண்கிறது, இது உண்டு உண்டு கொல்கிறது என்று சொல்வேன். அது போதாதா?

---

கோவை எழுதியது:

நானும் விடவில்லை. அடுத்த பதிப்பில் கொல்லொட்டுண்ணியை எத்தனை பிள்ளைகள் தடுக்காமல் வாசித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள் அம்மா.

---

தாண்டிக்குடி எழுதியது:

இணைப்பைப் பார்த்தேன். சொற்பட்டியலில் 'ஒட்டுண்ணி குளவி' என்று ஒற்றில்லாமல் நிற்கிறது. ஒட்டுண்ணியாகிய குளவி என்று இருபெயரொட்டாக விரியும், வல்லினம் மிகும். அச்சுக்குப் போகுமுன் க் போடவும். குளவிப்பூ பற்றிய மடல் நாளை.